வெள்ளையடிக்காத ஒரு முழம்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் மார்கழிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கர்ப்போட்டம் ஆரம்பம் என்று போட்டிருக்கும். சூரியன் பூராட நட்சத்திரத்தில் நுழையும் நாள் அது. டிசம்பர் 28, 29 வாக்கில் வரும். அதிலிருந்து ஏறக்குறைய 14 நாள். அந்த நாட்களில் மேகம் கருக்கொண்டு, அடுத்த மழைக்காலத்தில் பிரசவிக்கும் என்பது விவசாயிகளின் நம்பிக்கை. எங்கள் ஊர்ப் பேச்சில் கெர்ப்போட்டம்.

என் தாத்தா மானாவாரிக் கடலை போட்டவர். விடிந்ததும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார். நானும் பக்கத்தில் நிற்பேன். மேகம் ஓடினால் திண்ணைச் சுவரில் கரிக்கட்டையால் ஒரு வட்டம். வெறும் வானம் என்றால் கோடு. மழை கொட்டிவிட்டால் முகம் வாடிவிடும். "கரு கலைஞ்சு போச்சுடா" என்பார். வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்ததைச் சொல்வது போலத்தான் சொல்வார்.

ஆனால், கர்ப்போட்டம் முடிந்த இரண்டு மூன்று நாளில் போகி வந்துவிடுமே! பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க அம்மா வாளியோடு வந்து நிற்பார். "அந்த ஒரு முழம் மட்டும் இருக்கட்டும் தாயி" என்று தாத்தா கெஞ்சுவார். அம்மாவும் விட்டுவிடுவார். பளிச்சென்ற சுவரில் அழுக்காக ஒரு சதுரம். பார்க்கிறவர்கள் கேட்டால், "அது மாமாவோட மழைக்கணக்கு" என்பார் அம்மா.

ஆடியில் விதைத்த பிறகு, மழை பெய்யப் பெய்ய, அந்தக் குறிகளுக்குக் கீழே தாத்தா இன்னொரு வரிசை போடுவார். பொருந்தியதும் உண்டு, பொருந்தாததும் உண்டு. பொருந்தாததை அவர் அழித்ததில்லை. மறுபடியும் சொல்கிறேன், ஒருநாளும் அழித்ததில்லை. கணக்கு எழுதுவது என்றால் இதுதான் என்று எனக்கு அந்தத் திண்ணையில்தான் புரிந்தது.

கருக்கொண்ட நாளிலிருந்து 195 நாளில் மழை என்று அந்தக் காலத்துச் சோதிட அறிஞர் வராகமிகிரர் தன் பிருகத் சம்ஹிதை நூலில் சொல்கிறார். எண்ணிப் பார்த்தால் அது ஜூலையில் வந்து நிற்கிறது. நமக்கோ பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். இதை விரிவாகப் பேசத்தான் குறிப்பு எடுத்து வந்தேன். நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும்.

கடைசிக் காலத்தில் தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. "மேகம் எந்தப் பக்கம்டா ஓடுது?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன், வட்டமும் நானே போடுவேன். அந்தப் பொங்கலுக்கு அவர் கெஞ்சவில்லை. அம்மா வாளியோடு வந்தார், அந்த ஒரு முழத்தைத் தாண்டிப்போய்ச் சுண்ணாம்பைத் தொட்டு அடிக்க ஆரம்பித்தார்.

வணக்கம்.