காரில் பூக்கும் உப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

போர் தண்ணீர் புழங்கும் வீட்டில் குழாயின் வாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். கீசரைக் கழற்றினால் காயில் மேல் ஒரு ஓடு. பருப்பு லேசில் வேகாது, சோப்பு நுரைக்காது. அதே தண்ணீரைத்தான் காலையில் ஒரு வாளி பிடித்துக் காரில் ஊற்றுகிறோம். கொஞ்ச நாளில் கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி. கறுப்பு, கருநீல வண்டியென்றால் பானட்டிலும் அம்மைத் தழும்பு போலத் தெரியும். ஷாம்பு போட்டுக் கழுவினால் ஈரத்தோடு இருக்கும் வரை போய்விட்ட மாதிரி இருக்கும். காய்ந்ததும் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பதுதான் முதல் தப்பு. அது அழுக்கு இல்லை, கல். தண்ணீரில் கரைந்திருந்த கால்சியமும் மெக்னீசியமும், தண்ணீர் ஆவியானதும் சுண்ணாம்புக்கல்லாக இறுகி நிற்கின்றன. கல்லைச் சோப்பு கரைக்காது. தேய்த்தால் கல் பெயின்டைக் கீறும். அதைக் கரைப்பது புளிப்பு. பித்தளைக் குடத்துக்குப் புளி போடுகிற கைவைத்தியம்தான் இதுவும், கொஞ்சம் அளவு பார்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் வட்டமாக நிற்கிறது? டபராவுக்கு அடியில் காபி சிந்திக் காய்ந்தால் நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் கருப்பாக ஒரு வளையம் விழும், பார்த்திருப்பீர்கள். சொட்டு காயும்போது ஓரம் முதலில் வற்றும். நடுவிலிருக்கும் தண்ணீர் கரைந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடும். காரில் விழுந்த சொட்டும் அப்படித்தான் காய்கிறது. மே மாதத்துப் பானட்டில் கை வைக்க முடியாது. அங்கே ஒரு சொட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் வற்றிவிடும், வளையம் தயார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. மெஷினில் கழித்து வரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவுகிறவர்கள் நிறையப் பேர். தண்ணீர் வீணாகக் கூடாது என்கிற எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் கணக்கைப் பாருங்கள். உள்ளே போகும் தண்ணீரில் டி.டி.எஸ். 800 என்று வைத்துக்கொள்வோம், அதாவது லிட்டருக்கு 800 மில்லிகிராம் கரைந்த உப்பு. 4 லிட்டர் உள்ளே போய், 1 லிட்டர் குடிக்க வருகிறது, 3 லிட்டர் கழிவாக வருகிறது. 4 லிட்டர் தண்ணீரிலிருந்த உப்பு ஏறக்குறைய எல்லாமே அந்த 3 லிட்டரில்தான் இருக்கிறது. கழிவின் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. போர் தண்ணீரே தேவலை என்கிற நிலை.

இன்னும் ஒரு கணக்கு. கழுவி முடித்துத் துடைக்காமல் விட்ட வண்டியில் அரை லிட்டர் தண்ணீர் ஒட்டி நிற்கிறது என்று வையுங்கள். அது காய்ந்தால் வண்டி மேல் தங்குவது அரை கிராம் உப்பு. ஒரு சிட்டிகைதான். தினமும் கழுவினால் மாதத்துக்கு 15 கிராம், மூன்று டீஸ்பூன். சமையலுப்பு மாதிரியான உப்பு அடுத்த நாள் தண்ணீரில் கரைந்து போய்விடும். சுண்ணாம்பு போகாது, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். கழிவு நீரை வீடு துடைக்கவும் கக்கூஸில் ஊற்றவும் வைத்துக்கொள்ளுங்கள், கார் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர். அது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கியது, உப்பு மிகக் குறைவு. சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, தூசி இல்லாமல் துணியில் வடிகட்டினால் கடைசி அலசலுக்கு அருமையான தண்ணீர்.

சரி, ஏற்கெனவே பூத்துவிட்டது, எடுக்க வேண்டும். காலை எட்டு மணிக்குள், நிழலில், வண்டி தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது. முதலில் கார் ஷாம்பு போட்டுத் தூசியும் மண்ணும் போகக் கழுவிவிடுங்கள். மண்ணோடு அடுத்த வேலையைத் தொடங்கினால் உப்புக்காகப் போட்ட துணியே உப்புத்தாளாகிவிடும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூள் போதும். பெயின்டுக்கு 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம், கண்ணாடிக்கு 50 கிராம். தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். பேட்டரி ஆசிட் இல்லை, தண்ணீர். கடையில் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். சிட்ரிக் ஆசிட் கிடைக்காவிட்டால் வெள்ளை வினிகரும் அதே டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கையில் ரப்பர் உறை, கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இப்போது துணி. ஸ்ப்ரே அடித்தால் கண்ணாடியில் வழிந்து ஓடிவிடும், வேலை செய்ய நேரமே கிடைக்காது. ஆகவே மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பிழியாமல், புள்ளி மேல் பற்றுப் போடுவது போல ஒட்டிவிடுங்கள். காதைக் கிட்ட வைத்தால், கனமான பொருக்காக இருந்தால் மெல்லிய சிறு ஓசை கேட்கும். ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழும் தெரியும்; சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது. பெயின்டில் 2, 3 நிமிடம். கண்ணாடியில் 5 முதல் 10 நிமிடம். அதற்குள் துணி காயவே கூடாது. மறுபடி சொல்கிறேன், காயக் கூடாது. காய்ந்தால் கரைந்த உப்பு திரும்ப இறுகும், போதாக்குறைக்கு ஆசிடும் சேர்ந்து இறுகும். நேரம் முடிந்ததும் அழுத்தாமல் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஷாம்புத் தண்ணீரால் ஒரு தரம் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். போகவில்லையா? அளவைக் கூட்ட வேண்டாம், அதே பற்றை இன்னொரு தரம் போடுங்கள். இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் முழுதும் இளகும். நம்பர் பிளேட் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போவது நல்லது. பெயின்டைக் காக்க மெழுகு பூசியிருந்தால், ஆசிட் பட்ட இடத்தில் அதுவும் போயிருக்கும், மறுபடி பூச வேண்டும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரே நிமிடத்தில் எடுத்துவிடுகிறது என்பார்கள். உண்மைதான், எடுக்கும். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் குரோம் பட்டையை மங்கலாக்கும், அலாய் வீலை அரிக்கும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏற்றும். ப்ளீச்சிங் பவுடர் கலந்த வாளியில் அதை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

பற்றுப் போட்ட பிறகும் ஒரு வளையம் மிச்சமிருந்தால் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டினால் இன்னும் உப்பு இருக்கிறது. பள்ளமாக இருந்தாலோ, நகத்துக்கே எதுவும் தட்டாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தாலோ, உப்பு போய்விட்டது, அது தின்ற பள்ளம்தான் நிற்கிறது. பள்ளத்தை எந்த ஆசிடும் நிரப்பாது. சுற்றியிருப்பதைச் சமமாகச் சீவ வேண்டும், அதுதான் பாலிஷ். பெயின்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான்தான், தலைமுடி அளவுக்குக்கூடத் தேறாது. நைசான பாலிஷ், மெத்தென்ற பேட், கையால் ஆரம்பியுங்கள். காம்பவுண்ட் என்கிற கரடான தேய்ப்புப் பசையும் மெஷினும் தெரிந்தவர் கையில் இருக்கட்டும்.

கண்ணாடியில் வேறு சிக்கல். போர் தண்ணீரில் சிலிக்காவும் உண்டு, மணலில் இருக்கிற அதே பொருள், அது புளிப்புக்கு அசையாது. கண்ணாடிக்குப் பாலிஷ் போடுகிற சீரியம் ஆக்சைடு பொடியை இட்லி மாவுப் பதத்தில் குழைத்து, கம்பளிப் பேடால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். மாவு காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள், கண்ணாடி சூடாகக் கூடாது. உள்ளங்கை அளவு இடத்துக்குக் கையால் 10 நிமிடம் ஆகலாம். டிரைவருக்கு நேர் முன்னால் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் தேய்த்தால் கண்ணாடி குழிந்து, எதிர் வண்டி வெளிச்சம் நெளிந்து தெரியும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுக்கவே எடுக்காதீர்கள். உப்பு பூத்த கண்ணாடியில் வைப்பரை வறட்டோட்டம் ஓட்டுவதும் அதே கேடுதான். வில் மாதிரிக் கீறல் விழும்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களுக்கு ஒரு தனிச் செய்தி. கீழ்த்தளப் பார்க்கிங்கில் மேல் கூரைக் கான்கிரீட் வழியாகக் கசிந்து சொட்டும் தண்ணீர், போர் தண்ணீரைவிட மோசம். சிமென்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால் காரம் கடுமையாக இருக்கும், பெயின்டைத் தின்னும். வெள்ளையாகக் கோடு விழுந்ததைப் பார்த்த அன்றைக்கே நிறையத் தண்ணீர் விட்டு அலசி வினிகர்த் துணி போடுங்கள், அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். கசிவை அடைக்கும் வரை வண்டியை வேறு இடத்தில் நிறுத்துங்கள். தார்பாலின் போட்டு மூடினாலும் ஓரத்தில் ஒழுகும்.

மெழுகு பூசுவது, செராமிக் கோட்டிங் என்கிற கெட்டியான காப்புப் பூச்சு, இரண்டும் பேசக் குறித்து வைத்திருந்தேன், நேரம் முடியப் போகிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். செராமிக் கோட்டிங் போட்ட வண்டியில் உப்பு பூக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும், அந்த முத்து வெயிலில் காய்ந்தாலும் வளையம்தான். கோட்டிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பக்கமாகக் கழுவி, அந்தப் பக்கம் காய்வதற்குள் துடையுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், தண்ணீர் குடிக்கிற தடித்த மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு, முதலில் ஒன்று, மிச்ச ஈரத்துக்கு இன்னொன்று. பக்கவாட்டுக் கண்ணாடி மடக்கும் இடம், கதவுக் கைப்பிடிக் குழி, நம்பர் பிளேட் ஓரம் இவற்றிலிருந்து ஐந்து நிமிடம் கழித்து ஒழுகி வரும் தண்ணீரையும் ஒற்றி எடுங்கள்.

வணக்கம்.