ஒரு யானை பாரத்தை 24 முளையில் கட்டுவது எப்படி? எழுப்புதல் கூட்டக் கூடாரத்தின் கணக்கு

34,000 பேர் உட்காரக்கூடிய ஒரு கூடாரம். ஸ்டேடியம் இல்லை, மண்டபம் இல்லை, துணிக் கூடாரம். ரெய்னார்ட் போன்கே என்ற ஜெர்மன் நற்செய்தியாளருக்காக 1984-ல் தென்னாப்பிரிக்காவில் செய்தது. உலகத்திலேயே பெரிய நடமாடும் கூடாரம் என்றார்கள். ஒரு பெரிய கூட்டம் தொடங்கப்போகிற நேரத்தில் காற்று வந்தது. கூடாரம் போச்சு.

அவ்வளவு பணம், அவ்வளவு இன்ஜினியர்கள் இருந்த இடத்திலேயே இந்த நிலை. அப்படியென்றால் நம்ம பாலக்கோட்டில், ஊத்தங்கரையில், அறுவடை முடிந்த ராகிக் காட்டில் 40-க்கு 60 அடியில் ஒரு டென்ட் போட்டு மூன்று நாள் கூட்டம் நடத்துகிறார்களே, அது எதை நம்பி நிற்கிறது?

வணக்கம் மக்களே. இன்றைய வீடியோ, கிறிஸ்தவ சபைகள் கூடாரம் போட்டு நடத்தும் எழுப்புதல் கூட்டங்களைப் பற்றி. சாமி, மதம் எல்லாம் கமெண்டில் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நான் கயிறும், அதைக் கட்டத் தரையில் அடிக்கும் முளையும் பேசப்போகிறேன்.

(திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்)

வரலாறு சீக்கிரம் முடித்துவிடலாம். 1801-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கானோர் வண்டி கட்டி வந்து தங்கிக் கூட்டம் நடத்தினார்கள். 1949-ல் பில்லி கிரகாம் லாஸ் ஏஞ்சலஸில் கூடாரம் போட்டார், மூன்று வாரத் திட்டம் எட்டு வாரம் ஓடியது. நம்ம பக்கத்தில் கேரளாவின் மாராமண் கன்வென்ஷன் 1895 முதல் பம்பை ஆற்று மணலில் பந்தல் போட்டு நடக்கிறது. போதும். வாங்க குடோனுக்குள் போகலாம்.

நம்ம ஊரில் சீசன் என்பது பொங்கலுக்குப் பிறகு. அதற்கு முன்னால் மழை, அப்புறம் கிறிஸ்துமஸ், அப்புறம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. சபைகளில் ஒருவருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் சாமான்களைச் சரிபார்க்கக் கிடைப்பது புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் நடுவே இருக்கும் கொஞ்ச நாள்தான். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு வந்துவிடும், அப்போது ஊருக்குள் மைக் போட்டால் பெற்றோர் சும்மா விடமாட்டார்கள். அது முடிந்தால் ஏப்ரல், மே. கூட்டத்துக்கு அதுதான் நல்ல நேரம், டென்ட்டுக்கு அதுதான் மோசமான நேரம். ஏன் என்று வருகிறேன்.

முதலில் துணி. மழைக்காலம் முழுக்க மடித்து வைத்திருந்த தார்ப்பாயை உடனே கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போகக்கூடாது. களத்தில் விரித்துக் காயப்போட வேண்டும். அப்புறம் நாலு பேர் நாலு மூலையைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு அடியில் போய் நிற்க வேண்டும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று வெயிலே காட்டிக்கொடுக்கும். எலி கடித்த இடம் எப்போதும் மடிப்பில்தான் இருக்கும், அதனால் ஒரு ஓட்டை தெரிந்தால் அதே வரிசையில் இன்னும் மூன்று இருக்கும். காட்டன் கேன்வாஸ் என்றால் பூஞ்சை பிடித்த கறுப்புத் திட்டை இரண்டு கட்டைவிரலால் இழுத்துப் பாருங்கள். பேப்பர் மாதிரி வந்துவிட்டால் ஒட்டுப்போடும் வேலை வேண்டாம், அந்தப் பட்டையையே மாற்றுங்கள்.

கயிறுக்கும் ஒரு சோதனை. நீலம், பச்சை நிறத்தில் வரும் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கெட்டுப்போகும். வெளியே பார்த்தால் கயிறு அப்படியே இருக்கும். முறுக்கை எதிர்ப்பக்கம் திருகித் திறந்து, உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். பொடி ஒட்டினால் அந்தக் கயிறு மாடு கட்டக்கூட ஆகாது. எனக்குக் கேட்டால், வருடா வருடம் கயிறு மாற்றுவதுதான் ஒழுங்கு. ஒரு ஸ்பீக்கர் விலையில் முழு டென்ட்டுக்கும் புதுக் கயிறு வாங்கிவிடலாம்.

(திரையில்: வெள்ளைப் பலகை, கையில் மார்க்கர்)

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. கணக்கு என்று ஓடிவிடாதீர்கள், பெருக்கல் மட்டும்தான்.

காற்றின் அழுத்தத்துக்கு இந்திய தரநிலையில் ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அதை அதே எண்ணால் பெருக்கி, 0.6-ஆல் பெருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வந்துவிடும். நியூட்டன் என்பது விசையின் அளவு, 10 நியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ பாரம். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று என்றால் விநாடிக்கு 10 மீட்டர். 10 பெருக்கல் 10, அதை 0.6-ஆல் பெருக்கினால் 60. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ. சின்னதாகத் தெரிகிறதா? 40-க்கு 60 அடி கூடாரம் 223 சதுர மீட்டர். மொத்தம் 1.3 டன்னுக்கு மேல்.

இப்போது காற்று இரண்டு மடங்கு ஆகிறது, 72 கிலோமீட்டர். பாரமும் இரண்டு மடங்கா? இல்லை. வேகத்தை அதாலேயே பெருக்குகிறோம் இல்லையா, அதனால் நாலு மடங்கு. ஏறக்குறைய 5.4 டன். சானமாவு காட்டுக்கு வரும் யானைகளை நம்ம ஓசூர்க்காரர்கள் பார்த்திருப்பீர்கள். நன்றாக வளர்ந்த ஆண் யானை 4 முதல் 5 டன் இருக்கும். அந்த யானையைவிடக் கொஞ்சம் அதிகமான எடை உங்கள் கூடாரத்தை மேலே தூக்கப் பார்க்கிறது. கூரையின் சரிவு, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு கூடும் குறையும். ஆனால் அளவு என்ன என்று புரிகிறதா? மழைக்குப் பயந்து எல்லோரும் தண்ணீர் புகாத துணி வாங்குகிறார்கள். மழை ஆட்களை நனைக்கும், அவ்வளவுதான். கூடாரத்தைக் கொண்டுபோவது காற்று.

ஏப்ரல், மே மாதத்தில் மதியம் வரை வெயில் கொளுத்தும், சாயங்காலம் திடீரென்று இடி, சூறைக்காற்று, மாமரத்தில் இருந்து காய் கொட்டும். மாந்தோப்பு வைத்திருக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அது வரும் நேரமும் கூட்டம் தொடங்கும் நேரமும் ஒன்று, சாயங்காலம் ஆறு மணி.

சரி, அந்த 5.4 டன்னை யார் பிடித்துக்கொள்கிறார்கள்? நடுக்கம்பம் பிடிக்காது. அது துணியைத் தாங்குவதற்கு மட்டும்தான், கீழே இழுத்துப் பிடிக்கும் வேலை அதற்கு இல்லை. முழுப் பாரமும் ஓரத்தில் அடித்த முளைகளுக்குப் போகிறது. பத்து அடிக்கு ஒரு கம்பம் என்றால் சுற்றிலும் 20 கம்பம், மூலைக்கு இரண்டு கயிறு என்று வைத்தால் 24 முளை. ஒரு முளைக்கு மேல்நோக்கி மட்டும் சுமார் 225 கிலோ. கயிறு 45 பாகை சாய்வில் போனால் கயிற்றில் இழுப்பு 320 கிலோ. இதில் ஒரு முளை பிடுங்கிக்கொண்டு வந்தால் அதன் பங்கு பக்கத்து முளைகளுக்குப் போகும், அதுவும் பிடுங்கும், அப்புறம் அடுத்தது. கூடாரம் விழுவது பெரும்பாலும் இப்படித்தான், ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக.

இங்கே ஒரு ஆச்சரியம். பைபிளில் ஏசாயா 54-ம் அதிகாரம், இரண்டாம் வசனத்தில் கூடாரத்தை விசாலமாக்கும்போது கயிறுகளை நீளமாக்கவும் முளைகளை உறுதிப்படுத்தவும் சொல்லியிருக்கிறது. பிரசங்கத்தில் இதற்கு வேறு அர்த்தம் சொல்வார்கள். எனக்கு அது நேரடியான பந்தல் வேலைக் குறிப்பாகவே தெரிகிறது. கயிறு குட்டையாக இருந்தால் முளை கம்பத்துக்குப் பக்கத்திலேயே வரும், இழுப்பு நேர் மேலே போகும், முளையை உருவி எடுத்துவிடும். கயிறு நீளமானால் இழுப்பு பக்கவாட்டில் போகும், முளைக்கு முன்னால் இருக்கும் மண் முழுவதும் சேர்ந்து தடுக்கும். பழைய நாள் கூடாரவாசிகளுக்கு இதைச் சொல்லித்தர ஒரு இன்ஜினியரிங் காலேஜ் தேவைப்படவில்லை.

ஆகவே ஒரு கணக்கு மனதில் வையுங்கள். ஓரக் கம்பம் எத்தனை அடி உயரமோ, முளை கம்பத்தில் இருந்து குறைந்தது அத்தனை அடி தள்ளி. கம்பம் எட்டு அடி என்றால் முளையும் எட்டு அடி தள்ளி. அப்படியானால் 40-க்கு 60 கூடாரத்துக்கு 56-க்கு 76 அடி நிலம் வேண்டும். இடம் பார்க்கப் போகும் ஐயாமார் 40-க்கு 60 அளந்துவிட்டு, தோத்திரம் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். கடைசியில் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் தார்ரோடு, முளை கம்பத்தின் காலடியிலேயே. லைக் பட்டனை அமுக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த இரண்டு எண்ணை உங்கள் சபை வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள்.

முளை மூன்று அடி நீளம், ஒரு அங்குல இரும்புக் கம்பி. சம்மட்டியால் அடித்து இறக்கி, மேலே மூன்று நான்கு விரல் அளவுக்கு மட்டும் விட்டு, கயிற்றை மண்ணோடு ஒட்டிக் கட்ட வேண்டும். பாதி முளையை வெளியே விட்டுத் தலையில் கட்டினால் அது நெம்புகோலாகிவிடும். மழை பெய்து மண் இளகினால் பிடிப்பு குறையும் என்பதால் மறுநாள் காலையில் எல்லா முளையையும் காலால் உதைத்துப் பார்க்க வேண்டும்.

காரிமங்கலம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பந்தல்காரர், பெயர் வேண்டாம் என்றார், பாரம் இழுக்கும் செயின் பிளாக்கையும் புளி நிறுக்கும் தொங்கு தராசையும் வைத்து ஒரு முளையை இழுத்துக் காட்டினார். 200 கிலோ வரை அசையவில்லை. எதற்கு அண்ணா இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஸ்பீக்கர் போனா வாடகைக்கு வாங்கிக்கலாம் தம்பி. டென்ட் பறந்தா அடுத்த வருஷம் வரைக்கும் ஊரே அதத்தான் பேசும்" என்றார்.

நம்ம மாவட்டங்களில் தோண்டினால் பாறை. கிரானைட் மேல் நாலு விரல் மண் இருக்கும் இடம் நிறைய. அங்கே 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பிக் கட்டுவார்கள். நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன், கணக்கு போடும் வரை. தண்ணீர் 200 கிலோ, டிரம் ஒரு 18 கிலோ. மேல்நோக்கி இழுப்பு 225. டிரம்மையும் சேர்த்துத் தூக்கிவிடும்! அதற்கு முன்பே பக்கவாட்டில் சறுக்கிவிடும். முளைக்குப் பதில் டிரம் என்றால் ஒரு இடத்துக்கு இரண்டு மூன்று வேண்டும், அல்லது வேறு காடு பாருங்கள்.

காற்று வரும் பக்கம் மட்டும் திறந்து, மற்ற மூன்று பக்கமும் மறைப்பு கட்டினால் உள்ளே புகுந்த காற்று கூரையை அடியில் இருந்தும் தள்ளும். கட்டினால் நாலு பக்கமும், அவிழ்த்தால் நாலு பக்கமும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு ஆள். கூட்டத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உள்ள ஒரு ஆள், கண்ணை மூடி ஜெபிக்காமல் வெளியே நின்று வானத்தைப் பார்க்கும் ஆள். பாஸ்டர் நடு ஜெபத்தில் இருந்தாலும் மைக்கைப் பிடுங்கி "எல்லோரும் வெளியே வாங்க" என்று சொல்லத் தைரியம் உள்ளவர். போனில் தாமினி ஆப் போட்டு வைத்துக்கொண்டால் பக்கத்தில் மின்னல் விழுவது தெரியும். முதலில் ஆட்கள் வெளியே, அப்புறம் துணி இறக்குவது.

(திரையில்: மைக்செட் சாமான்கள்)

மைக்செட்டுக்கு வருவோம், சுருக்கமாக. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. அதே ஆண்டு சென்னையின் ஒரு பெந்தெகொஸ்தே சபை வழக்கில் உச்ச நீதிமன்றம், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. அதனால் கூம்புக் குழாயைக் குடோனிலேயே வைத்துவிட்டு, கூட்டத்தை நோக்கித் திருப்பிய பாக்ஸ் ஸ்பீக்கர் போடுங்கள். ராத்திரி தரை குளிர்ந்து மேல்காற்று சூடாக இருக்கும்போது சத்தம் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும் என்பதையும் மறக்காதீர்கள்.

தளி, கெலமங்கலம், ஓசூர் பக்கம் இன்னொரு விஷயம். செய்தி தமிழில் என்றால் பக்கத்தில் ஒருவர் தெலுங்கிலோ கன்னடத்திலோ வரிக்கு வரி மொழிபெயர்ப்பார். பேச்சாளருக்கு நல்ல மைக், மொழிபெயர்ப்பாளருக்குப் பழைய கரகர மைக். பாதிக் கூட்டம் கேட்பது அந்த இரண்டாவது குரலை மட்டும்தான்! இரண்டும் ஒரே மாதிரி மைக் வாங்குங்கள், பேச்சாளர் சொல்வது காதில் விழ மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கரும் வையுங்கள்.

தீ. 1944-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் சர்க்கஸ் கூடாரம் எரிந்து 160-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். தண்ணீர் புகாமல் இருக்க அந்தத் துணியில் பூசியிருந்தது மெழுகும் பெட்ரோலும் கலந்த கலவை. 1995-ல் ஹரியானாவின் டப்வாலியில் பள்ளி விழாப் பந்தல் எரிந்து 400-க்கும் மேல், பெரும்பாலும் பிள்ளைகள். ஒழுகலுக்கு மெழுகு பூசலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரைக் குடோனுக்கு வெளியே அனுப்புங்கள். நாலு பக்கமும் வழி, ஜெனரேட்டர் தள்ளி, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்றுகூடத் துணியைத் தொடக்கூடாது.

கடைசியாக லாரி. முதலில் சேர்களையும் கம்பளத்தையும் ஏற்றுங்கள், அப்புறம் மைக்செட், அப்புறம் துணி, கம்பம். முளையும் சம்மட்டியும் கயிறும் கடைசியில், கதவை ஒட்டி. இறங்கும்போது கையில் முதலில் வர வேண்டியது அதுதான். மேலே சேரை அடுக்கி அடியில் முளை மூட்டையை வைத்துவிட்டு, இருட்டில் டார்ச் அடித்துத் தேடும் கூத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பாறை நிலத்தில் கூடாரம் போட்ட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறீர்களா? பர்கூர், தளி பக்கத்து அண்ணன்மார் யாராவது கிரானைட்டில் துளை போட்டு போல்ட் இறக்கியிருந்தால் எத்தனை அங்குலம் இறக்கினீர்கள், மறுநாள் எப்படிக் கழற்றினீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் தொங்கு தராசோடு வந்து அதையும் இழுத்துப் பார்த்துவிடலாம்.