ரயில் பாட்டுக்குள்ள ரயில் எப்படி ஓடுது?

(ஒலி: தடக்-தடக், தடக்-தடக். சின்ன மௌனம். மறுபடி தடக்-தடக், தடக்-தடக்.)

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்னு மும்பைல நம்ம பசங்களுக்கு வாரக் கடைசியில தமிழ் சொல்லிக்கொடுக்கிறவங்களுக்காக இந்த வீடியோ. ரயிலைப் பத்தி ஒரு பாட்டு எழுதுன்னு சொன்னா பத்துல எட்டுப் பிள்ளைங்க "கூ கூ, குபுகுபு, புகை வருது"ன்னுதான் ஆரம்பிக்கும். எங்க வருது புகை? இந்த ஊர்ல முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3ஆம் தேதியே விக்டோரியா டெர்மினஸ்ல இருந்து குர்லாவுக்கு ஓடிடுச்சு. இந்தப் பிள்ளைங்களோட தாத்தா இங்க வந்து இறங்கினப்பவே லோக்கல் ரயில் கரண்ட்லதான் ஓடிச்சு.

அதனால புகையை விட்டுட்டு, இப்பக் கேட்ட சத்தத்துக்கு வருவோம்.

(திரையில்: தண்டவாளத்தின் இணைப்பு, கிட்டத்தில்)

பழைய பாதைல தண்டவாளம் 13 மீட்டர் துண்டுகளா இருக்கும். வெயில்ல இரும்பு நீளும்ல, அதுக்காக ரெண்டு துண்டுக்கு நடுவுல மெல்லிசா ஒரு இடைவெளி விட்டு, பக்கத்துல ஃபிஷ் பிளேட்ங்கிற இரும்புப் பட்டை வச்சு போல்ட் போட்டிருப்பாங்க. ஒரு பெட்டியோட பின்பக்க போகியில, அதாவது சக்கரச் சட்டத்துல, ரெண்டு அச்சு. அடுத்த பெட்டியோட முன்பக்க போகியில ரெண்டு அச்சு. நாலும் அந்த இடைவெளியை வரிசையா தாண்டும்போது நாலு தட்டு. அப்புறம் பெட்டியோட நடு உடம்பு கடக்குற வரைக்கும் சத்தமில்லை. இப்ப பெரும்பாலான இடத்துல துண்டுகளைப் பற்றவச்சு ஒரே நீளமா ஆக்கிட்டாங்க. அதனாலதான் வண்டி சும்மா 'ம்ம்ம்'னு போகுது. கல்யாண் மாதிரி பாதை பிரியற இடத்துல மட்டும் பழைய தாளம் திரும்பி வரும்.

பழைய பாதைல போனா ஒரு விளையாட்டு இருக்கு. 47 நொடிக்குள்ள உங்க காலுக்குக் கீழே எத்தனை இணைப்பு போகுதுன்னு எண்ணுங்க, ரெட்டைத் தட்டை ஒண்ணுன்னு கணக்கு வச்சு. வர்ற எண்ணிக்கைதான் வண்டியோட வேகம், மணிக்குக் கிலோமீட்டர்ல. 13 மீட்டரை 3,600ஆல பெருக்கி 1,000ஆல வகுத்துப் பாருங்க, ஏன்னு புரியும்.

சரி, இந்தத் தட்டை எழுத்துல எப்படிக் கொண்டுவர்றது?

தொல்காப்பியம் செய்யுளியல்ல இருபது வண்ணம் சொல்லியிருக்கு. வண்ணம்னா பாட்டோட ஓசை நடை. அதுல வல்லெழுத்து மிகுந்து வந்தா வல்லிசை வண்ணம். குறில் நிறைய வந்தா குறுஞ்சீர் வண்ணம். நெடில் நிறைய வந்தா நெடுஞ்சீர் வண்ணம். பேரைப் பிள்ளைங்ககிட்டச் சொல்லவே வேண்டாம், பயந்துடும். ஆனா வேலை செய்யற விதத்தைக் காட்டலாம். ஊர்ல இருந்து திரும்பி வர்ற வண்டி மும்பைக்குள்ள நுழையுதுன்னு வச்சுக்குவோம்:

(திரையில்)
கடகட கடகட கல்யாண் போச்சு
தடதட தடதட தாணே போச்சு
குடுகுடு குடுகுடு குர்லா போச்சு
பசிக்குது பசிக்குது பாவ் என்னாச்சு?

க, ட, த, கு, டு. எல்லாம் வல்லினக் குறில். நாக்கு ஒட்டி ஒட்டி எடுக்கும், அதுதான் தட்டு. முதல் மூணு வரியிலயும் முதல் எழுத்தே ஸ்டேஷன் பேருக்கும் மோனையா வந்து நிக்குது, நாலாவதுல பாவ் ரொட்டிக்கு. மோனையைப் பாடமா நடத்துறதை விட, "டோம்பிவிலிக்கு என்ன சத்தம் போடுவே?"ன்னு கேளுங்க. 'டமடம டமடம'ன்னு வகுப்பே கத்தும். இதுல இன்னொண்ணு: இந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்னிக்கு போரி பந்தர்ல இருந்து தாணேக்கு 34 கிலோமீட்டர் போன பாதைலதான் நம்ம பாட்டோட மூணாவது வரியும் ஓடுது.

இப்ப அதே வண்டியைத் திருப்புங்க. மே மாச லீவு, நாகர்கோவில் வண்டி. கர்ஜத்துல நிக்கும். அதுக்கப்புறம் லோனாவ்லா வரைக்கும் போர் காட்ங்கிற மலைப்பாதை, 37 அடிக்கு ஒரு அடி ஏத்தம். முன்னாடி இருக்கிற எஞ்சின் மட்டும் பத்தாது. கர்ஜத்துல வண்டியோட வாலில் தள்ளுறதுக்குன்னே எஞ்சின் சேர்ப்பாங்க, பேங்கர்னு பேரு. இங்க வந்து 'கடகட'ன்னு எழுதினா பொய். இது நெடில் வேலை:

(திரையில்)
மேலே மேலே போகும் ரயிலே
வாலில் யாரோ சேரும் ஓசை!
மாமா எஞ்சின் வாறார், வாறார்,
நாமோ தூங்கப் போறோம், போறோம்!

'வாறார்' வேணும்னேதான் போட்டது. தாராவியில பாதி வீட்ல அப்படித்தான் பேசுறாங்க, அதைத் திருத்தி 'வருகிறார்'னு ஆக்கினா வண்டி கர்ஜத்துலயே நின்னுடும்.

மாமான்னதும் இங்க படிக்கிற பிள்ளைக்கு மராத்திப் பாட்டு ஒண்ணு ஞாபகம் வரும். க. தி. மாட்கூள்கர் எழுதின 'ஜுக் ஜுக் ஆகீன்காடி'. மாமா ஊருக்குப் போற ரயில். அதுல ஓடுறது மரங்கள், அதை வேடிக்கை பார்க்கலாம்னு கூப்பிடுது பாட்டு. பெரியவங்க "வண்டி ஓடுது"ன்னு சொல்வாங்க. பிள்ளைக்கு ஜன்னலுக்கு வெளியதான் எல்லாமே ஓடுது, அதுவும் ஒரே வேகத்துல இல்ல. கிட்ட இருக்கிற கம்பம் கண்ணு முன்னால திசை மாறுறது சட்டுன்னு நடந்துடும். தூரத்து மலைக்கு அதே அளவு திசை மாற நிமிஷக் கணக்குல ஆகும். நிலா இருக்கிற தூரத்துக்கு நாம நகர்றது கணக்கே இல்லை, அதனால அது கூடவே வருது. தௌண்ட் தாண்டி சோலாப்பூர் பக்கம் போறப்ப எழுதலாம்:

(திரையில்)
கம்பம் ஓடுது, கல்லு ஓடுது,
கரும்புத் தோட்டம் நடந்து போகுது,
மலை மட்டும் சும்மா நிக்குது,
நிலா மட்டும் கூட வருது.

லோக்கல்ல போற பிள்ளைக்கு மலையும் நிலாவும் வேண்டாம், அறிவிப்பு போதும். "புடீல் ஸ்டேஷன் தாதர், அக்லா ஸ்டேஷன் தாதர், நெக்ஸ்ட் ஸ்டேஷன் தாதர்." மூணு மொழி, ஒரே பேரு மூணு தடவை. பல்லவி ரெடிமேடா கிடைக்குது. நாலாவது தடவை தமிழ்ல என்ன சொல்லணும்னு பிள்ளைங்க முடிவு பண்ணட்டும். "இறங்குடா தாதர்"னு ஒருத்தன் எழுதினா முழு மார்க் கொடுங்க.

கடைசி வரியில "டிக்கெட் வாங்கிப் பயணம் செய்வோம், நேரம் தவறாமை கற்போம்"னு ஒட்டவைக்கிற பழக்கத்தை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. பிள்ளை அந்த வரியை மனப்பாடம் பண்ணும், மத்த மூணு வரியையும் மறந்துடும்.

எழுதி முடிச்சதைக் கை தட்டிப் படிக்கச் சொல்லுங்க. எங்க கை தடுமாறுதோ அங்க ஒரு அசை கூடவோ குறையவோ இருக்கு. நம்ம ஜன்னல் பாட்டுலயும் மூணாவது வரியில தாளம் கொஞ்சம் இடறும். 'சும்மா'வை எடுத்துட்டு 'அசையாம'ன்னு போட்டுப் பாருங்க, பிடிக்கலைன்னா உங்க பிள்ளைங்க போடுற வார்த்தையைக் கமெண்ட்ல எழுதுங்க.