கொட்டக் கொட்டக் குளவியாகும்: ஏலியன் ஜந்துவோட உயிரியல்

[திரையில்: இருட்டு. தோல் போர்த்தின முட்டை ஒண்ணு நாலு இதழா விரியுது]

1979-ல ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்'ங்கிற விண்வெளித் திகில் படத்துல, கேன்னு ஒரு விண்கப்பல் ஊழியர் இந்த முட்டைக்குள்ள எட்டிப் பார்ப்பார். உள்ளேயிருந்து பாயுறது நீண்ட தலையோட இருக்குற அந்தப் பிரபல ஜந்து கிடையாது. விரல் மாதிரி கால்கள், நீள வால். இதுக்குப் பேர் ஃபேஸ்ஹக்கர். முகத்தைக் கவ்வி வாலைக் கழுத்துல சுத்திக்கும். பிரிக்கப் பார்த்தா இன்னும் இறுக்கும். ஆனா கொல்லாது, மூச்சுவிட ஆக்சிஜன் கொடுத்துக்கிட்டே இருக்கும். ஆளுக்குள்ள கருவை வைக்கிற வேலை முடிஞ்சதும் தானா செத்து விழும். கேன் எழுந்து, பசிக்குதுன்னு சாப்பிட உட்காருவார். நெஞ்சைப் பிளந்துக்கிட்டு குட்டி வரும்.

அருவருப்பா இருக்கா? நம்ம வீட்டு ஜன்னல் ஓரத்துல நடக்குற கதைதான் இது.

[திரையில்: மண்கூடு கட்டுற குளவி]

குளவி மண்கூடு கட்டி, புழுவைக் கொட்டி மயக்கி உள்ளே அடைக்கும். கூடவே ஒரு முட்டை. உள்ளே போனது புழு, கொஞ்ச நாள் கழிச்சு வெளியே வர்றது குளவி. அதைப் பார்த்துத்தான் 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்'னு நம்ம ஆளுங்க சொன்னாங்க. நிஜத்துல புழு மாறல, தின்னப்பட்டுச்சு.

முட்டைக்கோஸ் புழுவைத் தாக்குற கோட்டீசியா குளவி இன்னும் ஒரு படி மேல. புழுவோட உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும். அந்நிய முட்டையைப் புழுவோட நோய் எதிர்ப்பு சக்தி அழிச்சிடாதா? அதுக்குத்தான் முட்டையோட சேர்த்து ஒரு வைரஸையும் செலுத்துது. அந்த வைரஸோட மரபணு குளவியோட சொந்த மரபணுவுலயே இருக்கு! குஞ்சுகள் புழுவோட ரத்தத்தையும் கொழுப்பையும் மட்டும் தின்னு, முக்கிய உறுப்பை விட்டுவெச்சு, தோலைத் துளைச்சு வெளியே வரும். இதுக்கப்புறமும் சாகாத அந்தப் புழு, குளவிக் கூடுகளுக்கு மேல நூல் நூத்து காவல் காக்கும். கேன் பாடு பரவாயில்ல.

அடுத்து ரத்தம். திரைக்கதை எழுதின டான் ஓபேனனுக்கு ஒரு சிக்கல். விண்கப்பல்ல ஏழு பேர், ஜந்து ஒண்ணு. சுட்டுத் தள்ளிட்டா படம் முடிஞ்சிடும். ஓவியர் ரான் காப் கொடுத்த யோசனை: அதோட ரத்தமே அமிலமா இருக்கட்டும். சுட்டா தரை ஓட்டையாகும், அப்புறம் கப்பலே ஓட்டையாகும். கதைக்காகப் போட்ட முடிச்சுதான். ஆனா கடல்ல டெஸ்மரெஸ்டியான்னு ஒரு பாசி இருக்கு, செல்லுக்குள்ள கந்தக அமிலத்தைச் சேர்த்து வெச்சிருக்கும். பறிச்சா அமிலம் கசிஞ்சு, பக்கத்துல இருக்குற பாசியோட தன்னையும் அரிச்சிடும்.

[திரையில்: நீண்ட தலை, கண் இல்லாத முகம்]

உருவம் சுவிஸ் ஓவியர் ஹெச். ஆர். கீகரோடது. கண்ணையே வைக்கல. எங்கே பார்க்குதுன்னு தெரியாததுதான் பயம். இந்த ஜந்துவோட வாய்க்குள்ள இன்னொரு வாய் இருக்கிறது வெறும் கற்பனைன்னு நினைச்சிருந்தேன். மோரே விலாங்கு மீன் தொண்டையிலிருந்து இரண்டாவது தாடையை முன்னால தள்ளி இரையைக் கவ்வி இழுக்குதுன்னு 2007-ல விஞ்ஞானிகள் படம் பிடிச்சுக் காட்டினாங்க. படம் வந்து 28 வருஷம் கழிச்சு!

1992-ல வந்த 'ஏலியன் 3'-ல நாய்க்குள்ள வளர்ந்தது நாலு கால்ல ஓடும். ஓவரா இருக்கேன்னு தோணும். ஆனா மத்த பூச்சிகளோட முட்டைக்குள்ள முட்டை வைக்கிற டிரைக்கோகிரம்மா செம்பிளிடிஸ்னு ஒரு குட்டிக் குளவி இருக்கு. அந்துப்பூச்சி முட்டையில வளர்ந்த ஆணுக்கு இறக்கை இருக்கும், ஆல்டர் ஈ முட்டையில வளர்ந்த ஆணுக்கு இருக்காது. (இதோட சொந்தக்கார இனத்தைத்தான் நம்ம ஊர் கரும்புத் தோட்டத்துல பூச்சியை ஒழிக்க காகித அட்டையில ஒட்டிக் கட்டுறாங்க.)

ஒத்துக்க முடியாத ஓட்டை ஒண்ணு இருக்கு. கையளவுக் குட்டி, சில மணி நேரத்துல ஆளை விட உசரமாயிடுது. எதைத் தின்னுச்சு? எடை எங்கிருந்து வந்துச்சு? படம் மூச்சே விடல.

ஆனா அந்தக் கப்பலோட உலகத்தைக் கச்சிதமா கட்டியிருக்காங்க. நாஸ்ட்ரோமோங்கிற அந்தக் கப்பல்ல இருக்கிறவங்க வீரர்கள் இல்ல, 2 கோடி டன் தாதுவை இழுத்துட்டுப் போற சம்பளக்காரங்க. போனஸ் பங்குக்காகச் சண்டை போடுறாங்க. மர்ம சிக்னலை விசாரிக்காம போனா பங்கு போயிடும்னு ஒப்பந்தத்துல இருக்கு. அதனாலதான் இறங்குறாங்க. அந்த முட்டைக்கு ஆள் கிடைச்சது ஒரு ஒப்பந்த ஷரத்தால.

முட்டை எங்கேயிருந்து வருது? 1986-ல வந்த 'ஏலியன்ஸ்' படத்துல ஜேம்ஸ் கேமரூன் எறும்புப் புத்துல இருக்குற மாதிரி முட்டை போடுற ஒரு ராணியை வெச்சார். பிரமாதமான காட்சிதான். ஆனா 1979-லயே எடுத்து வெட்டி, 2003 டைரக்டர்ஸ் கட்ல (முதல் படத்தோட மறுதொகுப்புல) சேர்த்த காட்சியில ராணியே கிடையாது. ஜந்துகிட்ட பிடிபட்ட கப்பல் ஊழியர் பிரெட்டோட உடம்பே முட்டையா மாறிட்டிருக்கும். நம்ம பழமொழி நிஜமாயிடுது! என் ஓட்டு இதுக்குத்தான்.

2017-ல ஸ்காட்டே எடுத்த 'ஏலியன்: கவனன்ட்'ல இதையெல்லாம் டேவிட்ங்கிற ஆண்ட்ராய்டு (மனுஷ உருவ ரோபோ) உருவாக்கினதா காட்டினாங்க. அந்தக் கதை நடக்குறது 2104. நாஸ்ட்ரோமோ கதை 2122. முதல் படத்துல பாழடைஞ்ச வேற்றுக் கப்பலுக்குள்ள, நெஞ்சு வெடிச்சுச் செத்த விமானி கல்லாவே இறுகிப் போயிருப்பான். 18 வருஷத்துல உடம்பு கல்லாகுமா? ஸ்காட் சார்தான் பதில் சொல்லணும்.