சித்தப்பாவின் தோளும் என் தொழிலும்

(மொரீஷியஸின் தலைநகரான துறைமுக நகர் போர்ட் லூயியில் நம்மவர்கள் கூடிய ஒரு சனிக்கிழமை மாலை பேசியது. பேசும்போது தடுமாறிய இடங்களை எழுதும்போது சரிசெய்திருக்கிறேன்.)

அவையோருக்கு வணக்கம். துறைமுக மேம்பாடு, வெளிநாட்டு வர்த்தகம் இரண்டிலும் நிபுணர் என்று தலைவர் என்னை அறிமுகப்படுத்தினார். என் மனைவி கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். எனக்குச் சந்தையில் கத்தரிக்காய் பேரம்கூட வராது.

நான் துறைமுகத்துக்குள் போனது மூட்டை எண்ணத்தான். டாலி கிளார்க் வேலை. அப்போது சர்க்கரைக் கப்பல் நடுத்துறையில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டையைத் தோளில் சுமந்து பாரப்படகில் அடுக்குவார்கள். படகு கப்பலண்டை போனதும் அங்கே மறுபடி ஏற்றவேண்டும். அந்தப் படகை நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் சலான் என்போம். தமிழில் சலங்கு என்று ஒரு பழைய படகுப் பெயர் உண்டு. உடனே உறவு கொண்டாடிவிடாதீர்கள், காதுக்கு இனிக்கிறது, அவ்வளவுதான். மழை வந்தால் வேலை நின்றுவிடும், சர்க்கரை ஆயிற்றே. கப்பல் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும்.

என் சித்தப்பா அந்த மூட்டைகளைத் தூக்கியவர். வலது தோள் இடதைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். எங்கள் தெருத் தையற்காரருக்கு அது தெரியும். அளவெடுக்காமலே வலப்பக்கம் துணியைக் கொஞ்சம் உள்ளே பிடித்துத் தைப்பார்.

1980-ல் மொத்தச் சர்க்கரை முனையம் வந்தது. ஆலையிலிருந்து வரும் சர்க்கரை கொட்டகைக்குள் மலையாகக் குவியும், பெல்ட்டில் ஓடி நேரே கப்பல் வயிற்றில் விழும். மூட்டையே இல்லை. மூட்டை இல்லையென்றால் தோள் எதற்கு? சித்தப்பாவும் அவர் கூட்டாளிகளும் வீட்டுக்குப் போனார்கள். எனக்குத் திட்டப் பிரிவில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. அவர் பக்கம் நியாயம் இல்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

சரி, அந்தச் சர்க்கரை எங்கே போனது? ஐரோப்பாவுக்கு. 1975-ல் ஐரோப்பாவும் அதன் பழைய காலனி நாடுகளும் செய்துகொண்ட லோமே ஒப்பந்தத்தோடு வந்த சர்க்கரை நெறிமுறைப்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் டன்னை உறுதி விலைக்கு வாங்கினார்கள். பல ஆண்டுகளில் அது உலகச் சந்தை விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முனையத்தில் துணிந்து பணம் போட்டது அந்தக் காகிதத்தை நம்பித்தான். துணிக்கும் இதே கதைதான். 2004 முடிவோடு, நாட்டுக்கு நாடு அளவு வகுத்து நம் துணி ஏற்றுமதிக்கு நிழல் தந்த பல்லிழை ஒப்பந்தக் கோட்டா முறை போனது. 1970-ன் ஏற்றுமதி மண்டலச் சட்டத்துக்குப் பின் முளைத்த துணி ஆலைகளில் பல மூடப்பட்டன. 2006 முதல் ஐரோப்பா சர்க்கரை விலையைப் படிப்படியாக 36 சதவீதம் வெட்டியது. 2009-ல் நெறிமுறையே முடிந்தது. இங்கே கிரேனும் மாறவில்லை, தளத்தின் ஆழமும் மாறவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் ஒரு பத்தி மாறியது, அவ்வளவுதான்.

அதனால்தான் ஆழம் அளக்கிறவரும் ஒப்பந்தம் படிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. மேலதிகாரிகளுக்கு இது கசக்கும். பொறியாளருக்கு ஒரு மாடி, வர்த்தகத்துக்கு இன்னொரு மாடி, நடுவில் பழுதான லிஃப்ட். நான் படியேறியே காலம் தள்ளினேன்.

நம் கண்டெய்னர் முனையம் இருக்கும் இடத்தின் பெயர் மேர் ரூஜ், அதாவது செங்கடல். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும், நன்னம்பிக்கை முனை சுற்றி வந்த கப்பல்கள் அசல் செங்கடல் வழியாகப் போய்விட்டன. நம் துறை வாடியது. 2023 இறுதியில் அங்கே கப்பல்கள்மீது தாக்குதல் தொடங்கியதும் அதே கப்பல்கள் பழைய வழிக்குத் திரும்பின. நாம் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. இதை நிபுணத்துவம் என்று யாராவது அறிக்கை எழுதினால் நம்பாதீர்கள்.

கடைசியாக என் மானம் போன கதை. ஓய்வு பெற்றபின் ஒரு கோயில்காரர்கள் வந்தார்கள். தைப்பூசப் பாற்குடத்துக்குச் சென்னையில் வாங்கிய பித்தளைச் சொம்புகள் கண்டெய்னரில் வந்துவிட்டன, வெளியே எடுக்க முடியவில்லை. "ஐயா, துறைமுகமே உங்கள் கையில் வளர்ந்தது, ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்கள். காகிதத்தைப் பார்த்தேன். பெறுபவர் பெயர் முத்து. சென்னைக்காரர் அதை ஆங்கில வழக்கில் 'எம், யு, டி, எச், யு' என்று அடித்திருக்கிறார். நம் ஊர் அடையாள அட்டையிலோ பிரெஞ்சு வழக்கில் 'எம், ஓ, யு, டி, ஓ, யு'. சரக்கு யாருக்கு என்று சொல்லும் கப்பல் ரசீதான பில் ஆஃப் லேடிங் ஒரு முத்துவைச் சொல்கிறது, வந்து நிற்பவர் வேறு முத்து! திருத்தம் சென்னையிலிருந்து வரவேண்டும், அங்கே பொங்கல் விடுமுறை. பெட்டிக்குத் தினம் தினம் காத்திருப்புக் கட்டணம் ஏறுகிறது. எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், யாரும் பெட்டியைத் தரவில்லை. தரவும் கூடாது, அந்த விதியை ஆதரித்துக் குறிப்பு எழுதியவர்களில் நானும் ஒருவன்.

தைப்பூசம் முடிந்து பதினொரு நாள் கழித்துச் சொம்புகள் வெளியே வந்தன. அடுத்த வருடம்தான் அவற்றில் பால் ஏறியது. கோயில்காரர்கள் முதல் சொம்பை என் தலையில் வைத்தார்கள். கிண்டலா, பிரியமா என்று நான் கேட்கவில்லை.