கம்பளையில் இறங்கி நடங்க மக்களே!

வணக்கம் மக்களே! போன வீடியோவுக்குக் கீழே "கம்பளையில அம்புலுவாவையை விட்டா வேற என்ன இருக்கு?" என்று வரிசையாகக் கேட்டிருந்தீங்க. வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதனால்தான் விடியக்காலையிலேயே கண்டியில் பஸ் ஏறிவிட்டேன். அம்புலுவாவை கோபுரத்தை நான் குறை சொல்லவில்லை. 48 மீட்டர் உயரம், வளைந்து வளைந்து ஏறும் படி, எல்லாம் சரி. ஆனால் அரசர்கள் இருந்து ஆண்ட ஊரைக் கோபுரத்துக்கு ஆட்டோ பிடிக்கிற இடமாக மட்டும் பார்ப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

இதோ, மகாவலிப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மேலே மழை போலிருக்கு, தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் போகிறது. கண்டியை வளைத்து ஓடுகிற அதே மகாவலிதான். கம்பளையைப் பார்த்துவிட்டுத்தான் கண்டிக்கே போகிறது. கண்டி தலைநகரம் ஆவதற்கு வெகுகாலம் முன்பே, 14ஆம் நூற்றாண்டில், நான்காம் புவனேகபாகு இந்த ஊரில் இருந்துதான் ஆண்டார். மூன்றாம் விக்கிரமபாகுவின் அமைச்சர் அழகக்கோனார், கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற கோட்டே கோட்டையைக் கட்டியவர், அவரும் இந்தக் கம்பளைக் காலத்து ஆள்தான். பேரைக் கேட்டாலே நம்ம ஆட்களுக்குக் காது விடைக்கும்.

ஆ, ஒன்று சொல்லாமல் விட்டுட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் உளுந்து வடையும் இஞ்சி பிளேன்டீயும். வடை அப்போதுதான் எண்ணெயில் இருந்து வந்தது, ஓரம் மொறுமொறு, நடுவில் மிளகு முழுசாக. நான் கண்டி டவுனில் வடை சாப்பிடுவதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு என்று உங்களுக்கே தெரியும். இங்கே ரெண்டாவதும் கேட்டு வாங்கினேன்.

சரி, இப்போ ஆட்டோ கதை. லங்காதிலக விகாரைக்குப் போய், அங்கே நின்று, திரும்பிவர எவ்வளவு என்று கேட்டேன். நாலாயிரம்! "அண்ணே, நான் வெளிநாட்டுக்காரன் இல்லை, ஹட்டன் பக்கம்தான்" என்றேன். மூவாயிரத்து ஐந்நூறு. பேசாமல் நடந்தேன். பின்னாலேயே ஆட்டோவை உருட்டிக்கொண்டு வந்து மூவாயிரம் என்றார். இன்னும் கொஞ்சம் நடந்தேன். ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஏறு தம்பி என்று அவரே கதவுப் பக்கம் கையைக் காட்டினார். ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் மக்களே, அதில் எத்தனை வடை! அவசரப்படாமல் நடங்க, விலை தானாக இறங்கும். காசு குறைவு என்றால் கண்டியிலிருந்து விகாரைப் பக்கம் போகிற தவுலகல பஸ்ஸும் இருக்கு.

இப்போ பாருங்க, இதற்குத்தான் வந்தேன். லங்காதிலக. நிற்கிற பாறைக்குப் பேர் பன்ஹல்கல. 1344ஆம் ஆண்டுக் கட்டடம். உள்ளே புத்தர், அதே கட்டடத்தைச் சுற்றிப் பிள்ளையாருக்கும் கந்தக் கடவுளுக்கும் விபீஷணருக்கும் இடம் இருக்கு. அதற்கும் மேலே ஒன்று. கேமராவைக் கீழே கொண்டு வாறேன். இந்தப் பாறையில் வெட்டியிருக்கிற எழுத்து சிங்களத்தில் மட்டும் இல்லை, தமிழிலும் இருக்கு! முதலில் வெறும் கீறல் மாதிரித்தான் தெரியும். குனிந்து, கண் பழகவிட்டுப் பாருங்க, ஒரு 'க' பிடிபடும், பிறகு பக்கத்தில் இன்னொன்று. அறுநூற்று எண்பது வருசத்துக்கு மேலாக மழையிலும் வெயிலிலும் கிடந்த தமிழ். எனக்கு மயிர்க்கூச்செறியுது மக்களே, உண்மையாகச் சொல்றேன். மலையகத்தில் தமிழ் தேயிலையோடுதான் வந்தது என்று பேசுகிறவர்களைக் கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்து காட்டணும்.

பக்கத்துக் கடலாதெனிய விகாரையும் அதே 1344தான். அது கல் கட்டடம். கட்டிய சிற்பி கணேஸ்வராசாரி, தென்னிந்தியாவில் இருந்து வந்தவர். உள்ளே போனதும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஞாபகம்தான் வரும். அங்கே போனால் தூண்களில் ஒவ்வொன்றாக நின்று பாருங்க, ஓடாதீங்க.

எம்பக்கெயை இன்றைக்கு எடுக்கவில்லை. அது நம்ம முருகனுக்கான தேவாலயம், மரத்தூண் வேலைப்பாட்டுக்கே தனி வீடியோ வேணும். அங்கே கூரையில் 26 கைமரங்களை ஒரே ஒரு மர ஆணி பிடித்து வைத்திருக்கு. அதைக் கிட்டப் போய் எடுத்துக் காட்டுறேன்.

வருகிறவர்கள் பத்து மணிக்கு முன்னால் வாங்க. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாறையில் ஏறணும், உச்சி வெயிலில் கால் வைக்க ஏலாது. ஆட்டோக்காரர் கீழே ஹோர்ன் அடிக்கிறார், போறேன் மக்களே!