நமக்கு நாமே போடும் மார்க்

எல்லோருக்கும் வணக்கம். தன்மதிப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்து "நான் அருமையான ஆள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வித்தையைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2009-இல் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும், "நான் அன்புக்குரிய ஆள்" என்ற வரியைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. யாருக்கு அந்த மருந்து தேவையோ அவர்களுக்குத்தான் மனசு இன்னும் சுருங்கிப்போனது. வாய் ஒன்றைச் சொல்கிறது, உள்ளே இருக்கிற ஆள் உடனே "யாரு, நீயா?" என்று கேட்டுப் பழைய சொதப்பல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுகிறான்!

கலிபோர்னியா மாநிலம் 1986-இல் இதற்கென்றே ஒரு அரசுக் குழுவை அமைத்தது. மக்களின் தன்மதிப்பை ஏற்றிவிட்டால் குற்றமும் போதையும் படிப்பில் தோற்பதும் குறையும் என்ற நம்பிக்கை. 2003-இல் ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். நன்றாகப் படிக்கிறவர்களுக்குத் தன்மதிப்பு கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் தன்மதிப்பை ஏற்றிவிட்டதால் மார்க் ஏறியதற்குச் சான்று இல்லை. சந்தோஷத்துக்கும் தன்மதிப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்பதையும் அவர்களே சொன்னார்கள், அதை விட்டுவிட்டுச் சொன்னால் நியாயமில்லை.

சரி, எவ்வளவு இருந்தால் போதும்? 1965-இல் மோரிஸ் ரோசன்பர்க் என்ற சமூகவியலாளர் தன்மதிப்பை அளக்கப் பத்து வாக்கியங்கள் எழுதினார், இன்றும் புழக்கத்தில் இருப்பவை. அதில் ஒன்று, மற்றவர்களுக்குச் சமமாகவாவது மதிப்புள்ள ஆள் நான் என்று எனக்குத் தோன்றுகிறது என்பது. சமமாக, அவ்வளவுதான் கேட்கிறார். எல்லோரையும் விட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்று நம்மைப் போட்டு வதைத்துக்கொள்வது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

இப்போது ஒரு காட்சி. ஒருவர் அறிக்கை அனுப்புகிறார், மேலதிகாரியிடமிருந்து பதில் வருகிறது: "மூன்றாம் பக்கத்தில் கூட்டல் தவறு, சரிபார்க்கவும்." அவ்வளவுதான் கடிதம். படித்தவர் மனசுக்குள் ஓடுவதைப் பாருங்கள்: கூட்டல் தப்பு, கவனக்குறைவு, எப்பவுமே இப்படித்தான், இந்த வேலைக்கே நான் லாயக்கில்லை, எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். ஐந்தே தாவலில் ஒரு எண்ணிலிருந்து ஒரு மனிதருக்கே தீர்ப்பு எழுதியாயிற்று! ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் பல வருடங்கள் அடித்துச் சொன்னது இதைத்தான், செயலுக்கு மார்க் போடு, ஆளுக்குப் போடாதே. கேட்க எளிது, செய்வது கஷ்டம், ஏனென்றால் சின்ன வயதிலிருந்து "நல்ல பிள்ளை", "மக்கு" என்று ஆளுக்கே மார்க் போட்டுத்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அதனால் அந்தத் தாவல் எங்கே நடந்தது என்று தாளில் எழுதிப் பாருங்கள். முதல் வரி உண்மை, இரண்டாவது இருக்கலாம், மூன்றாவதில் "எப்பவுமே" வந்ததும் சந்தேகப்படுங்கள். அப்புறம் போய்க் கூட்டலைத் திருத்துங்கள், அது தப்புதானே. தப்பே இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வது இன்னொரு பொய்.

இன்னொன்று, மொத்த மதிப்பையும் ஒரே ஆணியில் மாட்டாதீர்கள், வேலையானாலும் தோற்றமானாலும் பிள்ளைகளின் படிப்பானாலும். அது ஆடும்போது நீங்களும் சேர்ந்து ஆடுவீர்கள்.

கடைசியாக, பாராட்டு. யாராவது "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றால் "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று தட்டிவிடுவதை அடக்கம் என்று நினைக்கிறோம். திட்டை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டு பாராட்டைத் திருப்பி அனுப்பினால் கணக்கு எப்படிச் சரியாக வரும்? அடுத்த தடவை "நன்றி" என்று மட்டும் சொல்லுங்கள், கூச்சமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.